நாடியைப் பகிரும் தோல் பட்டை: ஜோடியாகச் செய்யும் முறை

இரண்டு பேர் ஆளுக்கொன்றாக மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை இது. ஒருவர் தன் பட்டையின் மேல்பக்கத்து சென்சாரில் மறு கை விரலை வைத்தால், மற்றவர் கையில் ஒரு சின்ன அதிர்வு எழும். கூப்பிடுகிறார் என்று பொருள். மற்றவரும் தன் சென்சாரில் விரல் வைத்தால்தான் இருவர் நாடியும் இரண்டு பக்கமும் ஓடத் தொடங்கும். யார் விரலை எடுத்தாலும் இரண்டு பக்கமும் நின்றுவிடும். போன் வேண்டாம், ஆப் வேண்டாம், இணையம் வேண்டாம். பட்டைக்குள் எதுவும் பதிவாகாது.

கடையில் வாங்கும் ஸ்மார்ட் வாட்ச் இதற்கு நேர் எதிர். அதன் சென்சார் தோலோடு ஒட்டி அடியில் இருக்கிறது. கட்டியவர் ஒன்றும் செய்யாமலே நாள் முழுக்க நாடியை எண்ணி போனுக்கும், அங்கிருந்து சர்வருக்கும் அனுப்புகிறது. சேர்த்து வைத்த தகவல் எங்கே போய் நிற்கும் என்பதற்கு, ஓட்டம், சைக்கிள் பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா ஆப் சாட்சி. 2017 நவம்பரில் அது வெளியிட்ட உலக ஓட்டப் பாதை வரைபடத்தில், ராணுவ முகாம்களின் உள்பாதைகள்கூட வெளிச்சமாகத் தெரிவதை 2018 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள். ஓடியவர்கள் யாரும் முகாமைக் காட்டிக்கொடுக்க நினைத்தவர்கள் அல்ல.

உடுப்பில் நெருக்கத்தை வைத்துச் சோதிக்கும் முயற்சிகள் புதிதல்ல. க்யூட்சர்க்யூட் என்ற ஆடை நிறுவனத்தின் 'ஹக் ஷர்ட்' அணைப்பை தூரத்துக்கு அனுப்பியது. நெதர்லாந்து வடிவமைப்பாளர் டான் ரோஸ்கார்டின் 'இன்டிமசி' ஆடை, ஆள் நெருங்க நெருங்கக் கண்ணாடிபோலத் தெளியும். விற்பதற்காக இல்லாமல் 'இப்படி ஒன்று இருந்தால் நாம் எப்படி நடந்துகொள்வோம்?' என்று கேட்பதற்காகச் செய்யும் பொருட்களும் உண்டு. இந்தப் பட்டையும் அந்த வகைதான். அது கேட்பது ஒன்றே: ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நொடியில், பார்க்கப்படுபவருக்கும் அது தெரிந்தே ஆகவேண்டும் என்று கருவியையே கட்டாயப்படுத்த முடியுமா?

தேவையானவை (ஒரு பட்டைக்கு, எல்லாம் இரண்டு மடங்கு வாங்குங்கள்)

இஎஸ்பி32-சி3 சூப்பர் மினி போர்டு (வைஃபை ரேடியோ உள்ள குட்டிக் கணினி) 1
மேக்ஸ்30102 நாடி சென்சார் போர்டு 1
10 மி.மீ. காயின் வைப்ரேஷன் மோட்டார், 3 வோல்ட், 1
எஸ்8050 அல்லது 2என்2222 டிரான்சிஸ்டர் 1, 1என்4148 டையோடு 1
1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 2, 10 கிலோ ஓம் 1, 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 1
502535 அளவு லித்தியம் பாலிமர் பேட்டரி (400 மில்லி ஆம்பியர்-மணி, 5 × 25 × 35 மி.மீ.) 1
பாதுகாப்பு சர்க்யூட் உள்ள டிபி4056 சார்ஜிங் போர்டு 1, 5.1 கிலோ ஓம் சிறு சிப் ரெசிஸ்டர் 1
இரட்டை முனை ஸ்லைடு சுவிட்ச் 1, சாதா ஸ்லைடு சுவிட்ச் 1, 3 மி.மீ. சிவப்பு எல்இடி 1
மெல்லிய சிலிக்கான் ஒயர், பித்தளை அமுக்குப் பொத்தான், மெழுகு நூல்

வேலூர்ப் பக்கம் இருப்பவர்கள் எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குக் காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதே சுளுவு. சோதனைக்கு இன்னொரு இஎஸ்பி32-சி3 போர்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அது எதற்கு என்பது பின்னால் வரும். தோலுக்கு அலையவே வேண்டாம். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ வேலைக்கு வெட்டியதில் மிஞ்சும் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும்.

தோலைத் தேர்ந்தெடுப்பது

வெளிப்பக்கத்துக்கு 1.4 மி.மீ., உள் லைனிங்குக்கு 0.8 மி.மீ. ஆட்டுத்தோல். இரண்டுமே வெஜ் டேன், அதாவது மரப்பட்டை, காய்ச் சாற்றில் பதப்படுத்திய தோலாக இருக்கட்டும். துண்டு மூட்டையில் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதப்படுத்திய குரோம் தோல்தான் வரும் என்பதால் பார்த்துப் பொறுக்கவேண்டும். வெட்டிய ஓரத்தின் நடுவில் சாம்பல் நீலம் ஓடினால் குரோம். சந்தேகம் தீரவில்லை என்றால் நகத்தளவு துண்டைத் திறந்த வெளியில் கொளுத்துங்கள்: குரோம் தோல் சட்டென்று பற்றி, பச்சை கலந்த சாம்பல் விடும்; வெஜ் டேன் மெதுவாகக் கருகும். அந்தச் சாம்பலைக் கையால் தொடாதீர்கள். குரோமியம் சூட்டில் ஆறாம் நிலைக்கு மாறக்கூடியது, அது தோல் அலர்ஜியைக் கிளப்பும். ஐரோப்பிய ஒன்றியம் தோல் பொருட்களில் அதற்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று 2015 முதல் வரம்பு வைத்திருக்கிறது. ஷூவுக்கும் காலுக்கும் நடுவில் சாக்ஸ் இருப்பதுபோல இங்கே எதுவும் இல்லாமல், நாள் முழுக்க வேர்வையில் ஊறும் பட்டைக்கு குரோம் லைனிங் வேண்டாம்.

வெஜ் டேனுக்கு இன்னொரு லாபம்: அச்சு நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் ஊறவைத்து, பேட்டரி அளவுக்கு இழைத்த மரக்கட்டை மேல் போர்த்தி விளிம்பை அழுத்தி, நிழலில் ஒரு நாள் விட்டால் அறை தானாக உருவாகிவிடும். வேலூர் வெயிலில் காயப்போட்டால் விறைத்து வெடிக்கும். குரோம் தோலில் இந்த வேலை நடக்காது, காய்ந்ததும் பழையபடி தட்டையாகிவிடும்.

இரும்புப் பொத்தான், இரும்பு வளையம் எதுவும் கூடாது. வெஜ் டேனில் உள்ள டேனினும் இரும்பும் வேர்வையும் சேர்ந்தால் மைக்கறை பிடிக்கும். தோலிலும் கையிலும் லேசில் போகாது. பித்தளை பச்சை பூக்கும், ஆனால் துடைத்தால் போய்விடும்.

பட்டையின் நீளம் மணிக்கட்டுச் சுற்றளவோடு 60 மி.மீ.; அகலம் அறை உள்ள இடத்தில் 34 மி.மீ., பொத்தான் முனையில் 20 மி.மீ. பேட்டரி வளையக்கூடாது. அதனால் பேட்டரியையும் போர்டையும் பக்கம் பக்கமாக இரண்டு அறையில் வைத்து, நடுவில் 4 மி.மீ. இடைவெளி விடுங்கள், மடிப்பு அந்த இடத்தில் விழும், சிலிக்கான் ஒயர் மட்டும் அதைக் கடக்கும். ஓரங்களை 8 மி.மீ. அகலத்துக்குப் பாதி கனமாகச் சீவி, தோல் ஒட்டும் சொல்யூஷன் தடவி, ஒட்டும் பதம் வந்ததும் அமுக்குங்கள். சொல்யூஷன் ஆவி தீப்பற்றக்கூடியது. ஒரு ராத்திரி முழுக்கக் காற்றாட விட்ட பிறகே பேட்டரியை உள்ளே வையுங்கள்.

சர்க்யூட்

சென்சார் போர்டோடு பேசும் இரண்டு ஒயர்களை (இவைதான் ஐ2சி) 6, 7 எண் பின்களில் கொடுங்கள். இந்தப் போர்டில் ஐ2சி-க்கு வழக்கமாகச் சொல்லும் 8, 9 இரண்டும் போர்டு விழித்தெழும்போது கவனிக்கப்படும் பின்கள். அங்கே எதையாவது மாட்டினால் சில சமயம் நிரலே ஓடாமல் நிற்கும். மோட்டாருக்கு 3-ஆம் பின், 1 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். இல்லையேல் ஆன் செய்யும்போதெல்லாம் ஒரு பொய் அதிர்வு வரும். மோட்டாரின் ஒரு முனை நேராக பேட்டரி பாசிட்டிவில், மறு முனை கலெக்டரில், எமிட்டர் கிரவுண்டில். டையோடை மோட்டாருக்குக் குறுக்கே, கோடு போட்ட பக்கம் பாசிட்டிவை நோக்கி. மோட்டாரை பின்னோடு நேரடியாக மாட்டினால் பின் எரிந்துபோகும், அது இழுப்பது 80 மில்லி ஆம்பியருக்கு அக்கம்பக்கம். முழு பேட்டரி 4.2 வோல்ட் என்பதால் மோட்டாரை 70 சதவீத பிடபிள்யூஎம்-இல் (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும் முறை) ஓட்டுங்கள். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 3.3 வோல்ட் லைனில். அது இல்லாவிட்டால் மோட்டார் உதறும் கணத்தில் வோல்டேஜ் விழுந்து போர்டு ரீஸ்டார்ட் ஆகும்.

டிபி4056 போர்டு வரும்போது 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 1 ஆம்பியர் சார்ஜுக்கு வரும். 400 பேட்டரிக்கு அது இரண்டரை மடங்கு. அந்தச் சிப்பை எடுத்துவிட்டு 5.1 கிலோ ஓம் வைத்தால் 235 மில்லி ஆம்பியருக்கு இறங்கும். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள், கையில் கட்டும் பேட்டரி இது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது; அக்னி நட்சத்திர மதியத்தில் மொட்டை மாடி அறையும், வெயிலில் நின்ற வண்டியின் சீட்டுப் பெட்டியும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். காலையிலோ இரவிலோ சார்ஜ் போடுங்கள். யுஎஸ்பி மாட்டி நிரல் ஏற்றும்போது பேட்டரி சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும்.

சில மலிவு சென்சார் போர்டுகளில் ஐ2சி ஒயர்கள் 1.8 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மல்டிமீட்டரில் சும்மா இருக்கும் ஒயர் 1.8 என்று காட்டினால் இஎஸ்பி32 அதைக் கண்டுகொள்ளாது. சென்சாரின் முகவரியான ஹெக்ஸ் 57-இல் யாருமே இல்லை என்று சொல்லும். அந்த ரெசிஸ்டர்களைப் போர்டிலிருந்து எடுத்து, 4.7 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டுக்குக் கட்டுங்கள்.

இனி இரட்டை முனை சுவிட்ச். ஒரு முனை சென்சாருக்குப் போகும் 3.3 வோல்ட்டை வெட்டவேண்டும். மறு முனை ஐ2சி-யின் டேட்டா ஒயரை வெட்டவேண்டும். மின்சாரத்தை மட்டும் வெட்டினால் போதாது: டேட்டா ஒயர் வழியாகக் கசிந்து சென்சார் அரைகுறையாக உயிரோடு இருக்கக்கூடும். சிவப்பு எல்இடியை 1 கிலோ ஓம் வழியாக, சுவிட்சுக்குப் பின்னால், சென்சாரின் அதே லைனில் கட்டுங்கள். நிரலுக்கு இந்த விளக்கின் மேல் எந்த அதிகாரமும் இருக்கக்கூடாது. சென்சாருக்கு மின்சாரம் போனால் விளக்கு எரியும், சுவிட்சை அணைத்து விளக்கு அணைந்தால் சென்சாரிலிருந்து ஒன்றும் வராது. நிரலை யார் மாற்றி எழுதினாலும் இது மாறாது. நம்பிக்கையை சாஃப்ட்வேர் மெனுவில் வைக்காமல் செம்புக் கம்பியில் வைப்பது என்றால் இதுதான்.

சென்சார் ஏன் மேலே?

மணிக்கட்டின் மேல்புறத்தில் மேக்ஸ்30102 நன்றாக வேலை செய்யாது. விரல் நுனியில் ரத்த ஓட்டம் தோலுக்கு நெருக்கமாக இருப்பதால் அங்கே அலை தெளிவாக வரும். எனவே சென்சார் வெளியே பார்த்திருக்க, மறு கை விரலை அதன் மேல் வைப்பதே தொழில்நுட்பமாகவும் சரி. தற்செயலாக அனுப்பிவிட முடியாது என்பதும் அதோடு கிடைத்துவிடுகிறது. தூங்குபவரின் நாடி போகாது, மறந்துபோய்க் கட்டியிருப்பவரின் நாடி போகாது.

சென்சாரைச் சுற்றி 2 மி.மீ. உயரத்துக்குத் தோல் வளையம் வையுங்கள். நேர் வெயில் உள்ளே விழுந்தால் அளவீடு உச்சத்தில் போய் முட்டி நின்றுவிடும். விரலை அழுத்தினால் ரத்தம் நின்று அலை தட்டையாகும். பூப்போல வைத்தால் போதும். சாலிடர் இடங்களில் நிறமில்லா நெயில் பாலிஷ் பூசி வேர்வையிலிருந்து காப்பாற்றுங்கள், சென்சாரின் கண்ணாடி மேல் மட்டும் படாமல்.

நிரல்

இரண்டு போர்டும் இஎஸ்பி-நவ் முறையில் நேரடியாகப் பேசும், ரவுட்டர் தேவையில்லை. இரண்டும் ஒரே வைஃபை சேனலில் இருக்கவேண்டும். காட்பாடி ஹாஸ்டல் மாதிரி வைஃபை நெரிசல் உள்ள இடத்தில் 1, 6, 11 மூன்றையும் சோதித்து அமைதியானதை எடுங்கள். நடுவில் சுவர்கள் இருந்தால் ஒரு வீட்டுக்குள்தான் நம்பிக்கையாக எட்டும். இந்தக் குறுகிய எல்லை வேண்டுமென்றே விட்டது. வேலூரிலிருந்து சென்னைக்கு அனுப்பவேண்டும் என்றால் நடுவில் ஒரு சர்வர் வந்தே தீரும். உள்ளடக்கத்தை எவ்வளவு பூட்டினாலும், யார் யாரை எப்போது கூப்பிட்டார் என்பது அந்த சர்வருக்குத் தெரியும்.

செய்திகளைப் பூட்டும் சாவி இரண்டு, ஒவ்வொன்றும் 16 பைட். எடுத்துக்காட்டு நிரல்களில் இருக்கும் 1234567890123 என்று முடியும் சாவியை அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. அது பூட்டாமல் விட்ட கதவு. நாணயம் சுண்டி எடுங்கள்: நான்கு சுண்டலுக்கு ஒரு ஹெக்ஸ் எழுத்து (0 முதல் 9, A முதல் F), ஒரு சாவிக்கு 128 சுண்டல். பாதியை ஒருவர், மீதியை மற்றவர் சுண்டட்டும், நிரல் ஏற்றியதும் அந்தக் கோப்பை அழிக்கட்டும். நிரல் ஏற்றித் தரும் நண்பர் சாவியைப் பார்த்தால் அவரும் இந்த உறவில் மூன்றாவது ஆள். ஃபிளாஷ் என்கிரிப்ஷன் (நிரல் தங்கும் நினைவகத்தைப் பூட்டுவது) போடாத போர்டிலிருந்து, யுஎஸ்பி கேபிள் வைத்திருக்கும் எவரும் சாவியைப் படித்துவிடலாம். ஆகவே பட்டையைக் கழற்றி வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும்.

செய்தி நான்கே வகை: அழைப்பு, ஏற்பு, துடிப்பு, முடிவு. நான்கும் ஒரே நீளத்தில், 8 பைட். ஒவ்வொரு உரையாடலுக்கும் புதிதாக ஒரு ராண்டம் எண். பழைய செய்தியைப் பதிவுசெய்து மறுபடி அனுப்பினால் எடுபடக்கூடாது. நிமிடத்துக்கு எத்தனை என்ற எண்ணை அனுப்பவே கூடாது. எண் போனால் 'ஏன் 96? என்ன நடக்குது அங்கே?' என்ற விசாரணை தொடங்கிவிடும். 'இப்போது ஒரு துடிப்பு' என்பது மட்டும் போகட்டும்.

ரேடியோ தொடர்ந்து காதைத் திறந்து வைத்திருந்தால் 80 மில்லி ஆம்பியர் போகும், பேட்டரி 5 மணி நேரம்கூட வராது. 500 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை 100 மில்லி செகண்ட் மட்டும் கேட்கும்படி வைத்தால் அதைவிட அதிக நேரம் வரும். கூப்பிடுபவர் பக்கம் 50 மில்லி செகண்டுக்கு ஒன்றாக 2 செகண்ட் அழைப்பை அனுப்பிக்கொண்டிருந்தால், எதிர்பக்கம் விழிக்கும் நேரம் ஒன்றில் சிக்கிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். இஎஸ்பி-நவ், செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்லும். அந்தத் தகவலை வாங்கியவுடன் குப்பையில் போடுங்கள். சேர்ந்தது தெரிந்ததும் நிறுத்தாமல் முழு 2 செகண்டும் அனுப்புங்கள். சேர்ந்தது என்று கூப்பிட்டவருக்குத் தெரிந்தால், பதில் வராதபோது 'வேண்டுமென்றே எடுக்கவில்லை' என்று முடிவு கட்டுவார். நீல டிக் விழுந்த பிறகு வரும் சண்டைகள் எந்த வீட்டுக்கும் புதிதல்ல. குளிக்கிறார், பட்டையைக் கழற்றியிருக்கிறார், மனமில்லை: மூன்றும் எதிர்பக்கம் ஒரே மாதிரி மௌனமாகத்தான் தெரியவேண்டும்.

அதிர்வு வடிவம்: 80 மில்லி செகண்ட் ஆன், 100 ஆஃப், 60 ஆன். 50-க்குக் கீழே போனால் மோட்டார் சுழலத் தொடங்குவதற்குள் நின்றுவிடும், கைக்கு எட்டாது. விரல் வைத்ததும் வரும் முதல் நான்கு துடிப்புகளைத் தள்ளிவிடுங்கள். 300 மில்லி செகண்டுக்குக் குறைந்த இடைவெளியையும் தள்ளுங்கள்.

இந்தக் கருவியில் ஆளை நன்றாக ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. எதிர்பக்கத் துடிப்பு உங்கள் மோட்டாரை உதறும்போது, அதே பட்டையில் உள்ள உங்கள் சென்சாரும் ஆடும். நிரல் அதை உங்கள் துடிப்பு என்று எண்ணித் திருப்பி அனுப்பும். சில நொடிகளில் இரண்டு பட்டையும் ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்ளும். கட்டியிருப்பவர்கள் நம் இருவர் இதயமும் ஒன்றாகத் துடிக்கிறது என்று நெகிழ்ந்துபோவார்கள். அது பொய். மோட்டாரை சென்சாரிலிருந்து குறைந்தது 60 மி.மீ. தள்ளி, பொத்தான் பக்கம் வையுங்கள். மோட்டார் ஓடும்போதும் அடுத்த 50 மில்லி செகண்டும் சென்சார் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதனால் சில துடிப்புகள் விட்டுப்போகும். விட்டதை ஊகித்து நிரப்பவேண்டாம். சோதனை எளிது: ஒருவர் இரண்டு மாடி வேகமாக ஏறி இறங்கி வரட்டும், மற்றவர் உட்கார்ந்தே இருக்கட்டும். இருவர் தாளமும் வேறுவேறாக வந்தால் பட்டை சரி.

மூன்றாவது காது

இருவரும் ஒரு வாரம் கட்டிப் பழகிய பிறகு, இருவர் சம்மதத்தோடும், மிச்சமிருக்கும் போர்டை ஒட்டுக்கேட்கும் கருவியாக்குங்கள். அதே சேனலில் எல்லாச் செய்தியையும் பிடிக்கும் முறையில் வைத்து, இரண்டு பட்டைகளின் மேக் முகவரியிலிருந்து (ஒவ்வொரு போர்டின் ரேடியோவுக்கும் உள்ள அடையாள எண்) வருபவற்றை மட்டும் வடிகட்டி, நேரத்தையும் அனுப்பியவரையும் மட்டும் லேப்டாப்பில் எழுதவையுங்கள். உள்ளடக்கம் பூட்டியிருப்பதால் அது கிடைக்காது. இரண்டு நாள் கழித்து அந்தப் பட்டியலை இருவரோடும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

யார் அதிகம் கூப்பிடுகிறார், எத்தனை அழைப்பு பதில் இல்லாமல் போனது, எந்த மணிக்கு வீட்டில் ஆள் இல்லை, ராத்திரி எப்போது தூங்கினார்கள் என்பதெல்லாம் பூட்டைத் திறக்காமலே அதில் தெரியும். நாம் குப்பையில் போட்ட 'போய்ச் சேர்ந்தது' தகவலும் காற்றில் இருக்கத்தான் செய்கிறது. பார்த்து முடித்ததும் பட்டியலை இருவர் முன்னிலையில் அழியுங்கள்.

ஓரளவு தடுக்கலாம்: பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 500 மில்லி செகண்டுக்கு ஒரு போலிச் செய்தி, அதே 8 பைட் நீளத்தில், இரண்டு பக்கமும் அனுப்பிக்கொண்டே இருக்கட்டும்; உண்மையான செய்திகளும் அந்த வரிசையில் ஏறியே போகட்டும். அழைப்பை இனி கொத்தாக அனுப்ப முடியாது, துடிப்பும் அரை செகண்ட் வரை பிந்தும். அதனால் 'துடிப்பு' செய்தியில் எத்தனை மில்லி செகண்டுக்கு முன் நடந்தது என்பதையும் சேர்த்து, வாங்கும் பக்கம் எல்லாவற்றையும் ஒரே அளவு தாமதித்து அதிரவைக்கவேண்டும். எதிர்பக்கம் எந்த நேரமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால் பேட்டரி ஆயுள் பாதியாகும். எப்போது பேசினார்கள் என்பது மறையும், வீட்டில் இருக்கிறார்கள் என்பது மறையாது.

யாருக்குச் செய்துகொடுக்கக் கூடாது

'பொண்ணு காலேஜுக்குப் போறா, அவ கையில ஒண்ணு கட்டிவிட்டா எங்க இருக்கான்னு தெரியுமா?' இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். சென்சாரை அடிப்பக்கம் திருப்புவதும், விளக்கைத் துண்டிப்பதும், ஏற்பு இல்லாமலே துடிப்பை அனுப்புவதும் நிரலிலும் சாலிடரிலும் பத்து நிமிட வேலை. அதைச் செய்த அந்த நிமிடமே இது வேவுக் கருவி. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-இல் சொல்லிவிட்டது. ஒரு பெண்ணின் இணைய, மின்னணுத் தொடர்புகளை ஓர் ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு 3 ஆண்டு வரை சிறை. கட்டாயத்தில் பட்டை கட்டியிருப்பவர் யாரையாவது தெரிந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொல்லிக்கொடுங்கள்.

மருத்துவ வேலைக்கும் இது ஆகாது. துடிப்பு விட்டுப்போகும் கருவி இது, நெஞ்சுவலிக்காரரின் நாடியைப் பார்க்க இதைக் கட்டாதீர்கள்.

பிரிக்கும்போது

இருவரில் ஒருவர் போதும் என்றால் அன்றே இரண்டு போர்டின் ஃபிளாஷையும் முழுவதுமாக அழியுங்கள். புது நிரல் ஏற்றினால் மட்டும் பழைய சாவி முழுதாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது. 'எரேஸ் ஃபிளாஷ்' கட்டளையைத் தனியாகக் கொடுக்கவேண்டும். பேட்டரியைக் கழற்றி 3.8 வோல்ட் அளவில் எடுத்து வையுங்கள், உப்பியிருந்தால் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். தோலில் தையலைப் பிரித்தால் லைனிங் உட்பட மறுபடி உதவும். அதே தோலில் வேறு ஒருவருக்குப் பட்டை செய்வதாக இருந்தால் 256 சுண்டலையும் புதிதாகத் தொடங்குங்கள்.